ஒரு சாண் உயரம்

“அஞ்சடி ஏழரை,” என்றாள் இன்ஷிரா, திரைச்சேலைக்கு இந்தப் பக்கம் நின்று.

முன்கூடத்தில் வெள்ளைத் துணிச் சுருளை மடியில் போட்டுக்கொண்டு இருந்த பள்ளிவாசல் மோதினார் கத்தரிக்கோலை நிறுத்தி நிமிர்ந்தார். முனவ்வர் மாமா அதுவரை அளவு நாடா தேடி அலுமாரி அலுமாரியாகத் திறந்துகொண்டிருந்தார். மன்னார் பஜாரில் அளவு நாடாவைப் பெட்டி பெட்டியாக விற்ற மனிதரின் வீட்டில், அவரை அடக்கக் கபன் துணி வெட்ட ஒரு நாடா அகப்படவில்லை. எல்லாம் கடையில் இருந்தன. கடைத் திறப்புக் கொத்து வாப்பாவின் சாரன் மடிப்பில் இருந்தது. அந்த மடிப்பில் கை வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

“சரியாத் தெரியுமா மகள்?” என்று மாமா கேட்டார்.

“ஓம். நான்தான் அளந்தனான்.”

அதில் கொஞ்சம் கலப்படம் இருந்தது. போன மாதம் காத்மாண்டுவிலிருந்து மலை வழிகாட்டி தாவா வாப்பாவின் அளவுகள் கேட்டிருந்தான். மேரா மலையில் போட வேண்டிய இறகு அடைத்த உடுப்பையும் பனிச் சப்பாத்தையும் அங்கே வாடகைக்கு எடுத்து வைப்பதற்கு. வாப்பா சுவரோடு ஒட்டி நின்று, மூச்சைப் பிடித்து, குதிக்காலைக் களவாக எழுப்பினார். அவள் ஏழு என்றாள். அவர் எட்டு என்றார். ஏழரையில் பேரம் படிந்தது. இப்போது அந்த அரை அங்குலத்தையும் சேர்த்தே மோதினார் துணியை வெட்டினார். இடது கால் வலதைவிடக் கொஞ்சம் பெரிது என்பதை அவள் சொல்லவில்லை. சப்பாத்துக்குத்தான் அது தேவை.

வாப்பா நுஃமான் அன்று காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து, முற்றத்துக் கதிரையில் சாய்ந்து, இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ கேட்டார். மனைவி ஸுஹறா கொண்டுவந்தபோது கோப்பை இருந்தது, கேட்டவர் இல்லை. வைத்தியர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்றார், அது ஏதோ வீட்டுக்காரருக்குத் தெரியாத சங்கதி போல. பின்நேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது.

மன்னார்த் தீவில் உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வயது தெரியாத பெருக்க மரங்கள், பள்ளி மினாரா, தென்கரையில் வரிசை கட்டி நிற்கும் காற்றாலைகள், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்ப் பீப்பா மேல் ஏறி நின்றால் இரண்டு பக்கக் கடலும் தெரியும் என்று வெளியூர் வியாபாரிகள் பகிடி பண்ணுவார்கள். இப்படியொரு தட்டையான தரையில் பிறந்த இரும்புக்கடை முதலாளிக்கு இமயமலை ஏறும் ஆசை எங்கிருந்து தொற்றியது என்று ஊர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்டாரிலிருந்து தொற்றியது. தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போன முஸ்லிம்களில் நுஃமானும் ஒருவர். அங்கிருந்து கட்டாருக்கு, ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போனார். அதே அறையில் தாவா ஷெர்ப்பா என்ற நேபாளப் பெடியன் இருந்தான். அவன் தன் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தான். தன் ஊருக்கு மேலே நிற்கும் வெள்ளை மலை. வெளியே ஐம்பது பாகை வெயில் கொளுத்த, நுஃமான் அந்தப் படத்தைப் பார்த்தபடி கிடப்பார். ஒருநாள் கேட்டாராம், இது என்ன விலை என்று. தாவா சிரிக்கவில்லை. வாங்க முடியாது, ஏறலாம் என்றானாம்.

பதிலுக்கு நுஃமான் அவனுக்கு ஒரு தொழில் படிப்பித்தார். ஊருக்குக் கம்பளம் வாங்கப் போன கடைத்தெருவில் வைத்து. “விற்கிறவன் நினைச்ச விலைக்கு மேலதான் சொல்லுவான். நீ வெட்டு. வெட்டினவனுக்குச் சந்தோசம், விற்றவனுக்கு முதல் மிச்சம். ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு போகலாம்.” தாவா தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

காலம் போனது. நுஃமான் ஊருக்குத் திரும்பிக் கடை போட்டார். கடைக்கு மேலே இரண்டு மாடி எழுப்பப் பார்த்து, தூண்களும் படிக்கட்டும் எழும்பிய அளவில் நிறுத்திவிட்டார். தாவா மலைக்கு வழிகாட்டியானான். போன வருடம் ஒருவரையொருவர் தொலைபேசியில் கண்டுபிடித்தார்கள்.

“விலை கேக்கேலாத சாமான் ஒண்டை ஒருக்காக் கிட்டப் போய்ப் பாக்கோணும்,” என்று நுஃமான் மனைவியிடம் சொன்னார்.

“அப்ப என்னைப் பாருங்கோ,” என்றாள் ஸுஹறா.

அன்றிலிருந்து தாவாவோடு பேரம் தொடங்கியது. கயிறு என்னிடமே இருக்கிறது, வள்ளம் கட்டுகிற நைலோன், உன் மலையையே கட்டி இழுக்கலாம் என்றார். அந்தக் கயிறு சரிவராது என்றான் தாவா. உச்சியில் நின்றால் உலகத்தின் பெரிய மலைகளில் ஐந்து ஒரே பார்வையில் தெரியும் என்று அவன் சொன்னபோது, மொத்தமாகப் பார்க்கிறவனுக்குக் கழிவு இல்லையா என்று கேட்டார். பெரிய சண்டை, காரேயில் சும்மா இருக்கிற நாட்களுக்கு வந்தது. காரே என்பது பனி தொடங்குகிற இடத்துக் கடைசிக் குடியிருப்பு. அங்கே மூன்று நாள் தங்கி, மேலே கொஞ்சம் ஏறி, திரும்பி வந்து படுத்து, உடம்பை மெல்லிய காற்றுக்குப் பழக்க வேண்டும் என்றான் தாவா. இரத்தம் பாடம் படிக்க வேண்டுமாம். எங்கட இரத்தம் கெதியாப் படிக்கும், மூன்றை ஒன்றாக்கு என்றார் நுஃமான். கடைசியில் இரண்டு என்று முடிந்தது. ஒரு நாளை வெட்டிய மகிழ்ச்சியில் அன்று வீட்டுக்கு வட்டிலப்பம் வந்தது.

பயிற்சி அந்த அரைகுறைப் படிக்கட்டில் நடந்தது. முதுகுப் பைக்குள் பாரத்துக்கு நானாட்டான் நெல். அதைக் கொடுத்தவர் செல்வநாயகம், வாப்பாவின் பழைய சிநேகிதர். வாரத்துக்கு ஒருமுறை, அஸருக்குப் பிறகு, தாவா அழைப்பான். வாப்பா தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஏற வேண்டும், கதைத்துக்கொண்டே ஏற வேண்டும். கதைக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். மூச்சைக் கேட்டுத் தாவா தீர்ப்புச் சொல்வான். “பிஸ்தாரே,” என்பான், அவன் மொழியில் மெல்ல, மெல்ல என்று. கொஞ்ச நாளில் அந்தச் சொல் கடைக்குள்ளும் வந்துவிட்டது. அவசரப்படுகிற வாடிக்கையாளருக்கு நுஃமான் “பிஸ்தாரே தம்பி” என்று ஆணி நிறுத்துக் கொடுப்பார். பஜாரில் சிரிப்பதற்கு ஆள் குறைவில்லை. ஹாஜியார் மேல்மாடியில் என்ன, பனிக்கட்டிக் கடையா திறக்கப் போறார் என்று கேட்டார்கள். முதல் கட்டி உங்களுக்குத்தான் என்பார் நுஃமான்.

தனியே ஏறக்கூடாது என்பது ஸுஹறாவின் நிபந்தனை. விழுந்தால் செய்தி சொல்லவாவது ஒரு ஆள் வேண்டும். அப்படித்தான் இன்ஷிரா சேர்ந்தாள். முருங்கன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பகல் முழுக்க நின்று குளிசை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவள் சலித்துக்கொண்டுதான் தொடங்கினாள். ஒரு மாதத்தில் மேலே போய் அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். ஒருநாள் வாப்பா இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கியபடி, தொலைபேசிக்குள் ஹிந்தியில் சொன்னது மேலே கேட்டது. ஒரு ஆள் இல்லை, இரண்டு என்று எழுதிக்கொள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது விலை சொல்லுவாள் என்று பயந்திருப்பார். அவளோ, கேட்காதது போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் ஒட்டிய படமாகக் கேள்விப்பட்ட ஒன்று, அவளுக்கும் கால் வைக்க இடம் இருக்கிற ஒன்றாக மாறிவிட்டிருந்தது.

இப்போது வீடு நிறைய ஆட்கள். பெண்கள் உள்ளே யாசீன் ஓதினார்கள். ஓதலுக்கு நடுவே அடங்கிய குரலில் மலை வந்து வந்து போனது. இந்த வயதில் படி ஏறித்தான் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டார் என்று ஒருத்தி. மலைக்குப் போய் அங்கே மவுத்தாகியிருந்தால் மையித்தைக்கூடக் கண்டிருக்க மாட்டோம், அல்லாஹ் காப்பாற்றினான் என்று இன்னொருத்தி. ஆறிப்போன பிளேன்ரீக் கோப்பை ஸுஹறாவின் பக்கத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு போக வந்தவளை, இருக்கட்டும் என்று கையால் தடுத்தாள்.

மதிய லுஹருக்குப் பிறகு முனவ்வர் மாமா இன்ஷிராவைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. காலையிலிருந்து கபுறுக் குழி வெட்டவும் பலகை எடுக்கவும் ஓடியதில் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது.

“மகள், அந்த நேபாளக்காரனுக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடு. ரெண்டு பேர்ட பேரையும் வெட்டச் சொல்லு.”

“என்ர பேரையுமா மாமா?”

“பின்ன? வாப்பாவோட போறதுக்கே ஊர் வாய் மூடேல்ல. இனி யாரோட போறது?”

அவள் உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மாவின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாப்பா அடிக்கடி சொல்வார், உன் உம்மாவோடு வியாபாரம் செய்ய ஏலாது, முகத்தில் விலை தெரியாது என்று. இன்ஷிரா வாப்பாவின் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழைக்கவில்லை. வழக்கமான நாள் இது. அஸருக்குப் பிறகு அவனே அழைப்பான்.

செல்வநாயகம் நானாட்டானிலிருந்து உழவு மெஷினிலேயே வந்து சேர்ந்தார். பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை என்றார். வேட்டியில் சேறு. வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், இன்ஷிராவைக் கண்டதும் ஏதோ சொல்ல வந்து, முதலில் மூக்கைச் சிந்தினார்.

“நாப்பது வருசப் பழக்கம் பிள்ளை. என்ர நெல்லுக்குச் சொன்ன விலையை இவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இண்டைக்குத்தான் ஒரு கதையும் கதையாமல் போயிட்டான்.”

அவள் கேட்டாள், பையில் இருக்கிற நெல்லை என்ன செய்வது என்று. அது அவனுக்குக் குடுத்தது, நீ வச்சிரு என்றார் செல்வநாயகம்.

அஸர் பாங்கு சொன்னதும் மையித்து வைத்த சந்தூக்கைப் பள்ளிக்குத் தூக்கினார்கள். பெண்கள் வாசல்வரைதான். மையவாடிக்கு ஆண்கள் மட்டுமே போவது அங்கே வழக்கம். கலிமாச் சத்தம் ஒழுங்கையில் இறங்கித் தேய்ந்தது. நடுத்தெருவில் நின்ற கழுதைகள் இரண்டு, வாகனத்துக்கு ஒருநாளும் விலகாதவை, ஒதுங்கி மதிலோடு நின்றன. அழுகை ஓய்ந்து பெண்கள் உள்ளே திரும்பியபோது ஸுஹறா மகளின் கையைப் பிடித்தாள். இனி இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் அவள் இந்த வாசலைத் தாண்டப் போவதில்லை.

“மேல போ,” என்றாள். “எங்க வைக்கிறாங்க எண்டு பாத்து வந்து சொல்லு.”

இன்ஷிரா பின்வாசலால் கடைக் கட்டடத்துக்குப் போனாள். படிக்கட்டின் அடியில் முதுகுப் பை, நேற்று வாப்பா கழற்றி வைத்த இடத்தில் கிடந்தது. அதைத் தாண்டி ஏறினாள். கைப்பிடி இல்லாத சீமெந்துப் படி. பள்ளியில் தொழுகை முடிந்து மையவாடிக்குப் போகிறவர்களின் கலிமா காற்றில் வந்து வந்து போனது. அந்த ஓசைக்கு அவளது காலும் வந்து இணங்கியது. தோளில் பாரத்தோடு போகிறவர்களின் நடை அது. அவளும் வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு ஏறினாள். கதைக்க முடிகிற வேகம்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் தொலைபேசி அடித்தது.

“நுஃமான் பாய்,” என்றான் தாவா. பிறகு வழக்கம்போலப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு படி, இன்னொரு படி. “இது அவர்ர மூச்சில்லை.”

இன்ஷிரா ஹிந்தியைத் தொலைக்காட்சி நாடகங்களில் படித்தவள். அந்த ஹிந்தியில் மாமியாரைச் சபிக்கலாம், மலையில் கயிறு கேட்க முடியாது. சாவுக்கு மட்டும் அதில் வசனம் ஏராளம். அதில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

“வாப்பா மவுத்தாப் போட்டார்,” என்றாள் தமிழில்.

கட்டாரில் ஒரே அறையில் இருந்தவனுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பக்கம் எங்கோ ஒரு மணி, காற்றில் ஆடுகிற சின்ன மணி, கேட்டுக்கொண்டிருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

“நிக்காத,” என்றான் தாவா. “பிஸ்தாரே. ஏறு.”

ஏறினாள்.

மேலே வந்ததும் காற்று முக்காட்டைப் பிடுங்கியது. இந்த இடத்துக்கு அவள் நூறு தடவை வந்திருப்பாள். எப்போதும் பின்னால் வாப்பாவின் பேச்சுச் சத்தம் ஏறிவரும், அதைத்தான் கவனிப்பாள். இன்று தீவு முழுவதும் கீழே ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் கடல். இரண்டு கடலும் இரண்டு நிறம். பெரிய பாலம் ஒரு கோடு. காற்றாலைகள் தங்கள்பாட்டில் சுற்றின. பள்ளிக்குப் பின்னால், களப்பின் ஓரம், மையவாடி மதிலுக்குள் வெள்ளைத் தொப்பிகள் ஒரு பிடி உப்புப் போலக் கூடி நின்றன.

அவர்கள் குனிவது தெரிந்தது. தலை வடக்கே. முகம் மேற்கே, கிப்லாவுக்கு. எல்லோரையும் அப்படித்தான் வைப்பார்கள். ஆனாலும் அவள் நிமிர்ந்து வடக்கே பார்த்தாள். கடல். அதற்கு அங்கால் இந்தியாக் கரை, அதற்கும் அங்கால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், தரை முழுவதும் எழும்பி நிற்கிற ஒரு இடம் இருக்கிறது. அது இருக்கிறது என்ற நினைப்பே மயிர்க்கூச்செறிய வைத்தது.

மாமா சொல்லச் சொன்னதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தாவா, அவளுக்கு விளங்குகிற எளிய ஹிந்தியில் பேசினான். ஒரு விசயத்தை உச்சியில் வைத்து நுஃமான் பாயிடம் சொல்லிச் சிரிக்க இருந்தானாம்.

“காரேயில இருக்கிற நாள். ரெண்டுதான் தேவை. நான் மூண்டெண்டு சொன்னன். வெட்டுவார் எண்டு தெரியும்தானே. அவர்தான் எனக்கு இதைப் படிப்பிச்சவர்.”

அவளுக்கு வட்டிலப்பம் ஞாபகம் வந்தது. வாப்பா சீனிப் பிசுக்குக் கையோடு, ஒரு ஷெர்ப்பாவையே மடக்கிவிட்டேன் என்று உம்மாவிடம் அளந்தது ஞாபகம் வந்தது. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. காலையிலிருந்து வராத கண்ணீர் அதோடு வந்தது. கீழே ஒவ்வொருவராகக் குனிந்து மண் அள்ளிப் போட்டார்கள். தாவா அந்தச் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்தான்.

“உனக்கு எத்தினை நாள் சொல்ல?” என்று கேட்டான்.

“உள்ளதைச் சொல்லுங்கோ.”

“ரெண்டு.”

“மூண்டாக்குங்கோ.”

“ஏன்?”

“வாப்பா வெட்டின நாள் ஒண்டு இருக்கு. அதைத் திருப்பி வையுங்கோ.”

சரி என்றான் தாவா. இதற்குப் பேரம் இல்லை என்றான்.

கீழே ஆட்கள் விலகத் தொடங்கினார்கள். சேறு படிந்த வேட்டியோடு செல்வநாயகம் மட்டும் மதிலுக்கு வெளியே இன்னும் நின்றார். ஆட்கள் விலகிய இடத்தில், தட்டையான வெண்மணலில், ஈர நிறத்தில் ஒரு சின்ன மேடு. மாலை வெயில் சாய்ந்திருந்ததால் அதற்கு நிழல் ஒன்று, மேட்டைவிட நீளமாக விழுந்திருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்தும் அது தெரிந்தது.

அவள் இறங்கி வந்தபோது உம்மா வெள்ளை உடுத்து அறைக்குள் பாயில் இருந்தாள். அடக்கத்திலிருந்து திரும்பிய முனவ்வர் மாமா வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு என்ன சொன்ன?” என்று உம்மா கேட்டாள்.

“ஒரு நாள் கூட்டச் சொன்னன்.”

மாமா கையில் தண்ணீர்ச் செம்போடு நிமிர்ந்தார். ஸுஹறா தம்பியைப் பார்த்தாள். மாமா குனிந்து, கழுவிய காலையே மறுபடியும் கழுவினார்.

“வாப்பா எண்டா வெட்டியிருப்பார்,” என்றாள் உம்மா.

“ஓம்.”

பக்கத்தில் பிளேன்ரீக் கோப்பை அப்படியே இருந்தது. உம்மா அதைக் கொஞ்சம் தள்ளி, மகளுக்கு இடம் விட்டாள்.

“எங்க வச்சிருக்கு?”

களப்புப் பக்க மதிலோடு, ஒரு சின்னப் பூவரசுக்குக் கிட்ட என்றாள் இன்ஷிரா.

“மேல நிண்டு பாக்கத் தெரியுதா?”

இன்ஷிரா வலது கையைப் பாயின் மேல் நிமிர்த்தி, பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினாள். இவ்வளவு உயரம்.

உம்மா அதையே பார்த்தபடி இருந்தாள். பிறகு தன் கையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிமிர்த்தினாள். அவளுடைய சாண் கொஞ்சம் குட்டை. மற்றக் கையால் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து, அரை அங்குலம் கூட்டி, மகளின் கைக்குச் சரிக்கட்டினாள்.